பெயர் எழுதாத கேன்கள்

மீனவன் கவனக்குறைவானவன் என்ற வாக்கியம் அரசு அலுவலகங்களிலும், தொண்டு நிறுவனக் கூட்டங்களிலும், சில வேளைகளில் ஆலய வளாகங்களிலும்கூட, சான்று தேவைப்படாத உண்மையைப் போல உலவி வருகிறது. படகு பழுதுபார்க்கும் கொட்டகை தீப்பற்றினால், அவன் பீடி பற்ற வைத்ததே காரணம். கண்ணில் மருந்து தெறித்தால், கண்ணாடி அணியாததே காரணம். மாலையில் தலை சுற்றி அமர்ந்தால், குடித்திருப்பான் என்பதே தீர்ப்பு. இந்த வாக்கியத்தோடுதான் நமக்கு வழக்கு.

பழவேற்காட்டுக் கரையில் கட்டுமரமும் மரத் தோணியும் ஆண்ட காலம் மலையேறிவிட்டது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையேற்றத் தக்க புதுவகைப் படகுகளைச் செய்து பார்த்த நாள்களிலிருந்தே கண்ணாடி இழைப் படகு, அதாவது நம் மக்கள் சொல்லும் பைபர் படகு, மெல்ல மெல்ல நுழைந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபின் அது வெள்ளமாக வந்தது. கொடுத்தவர்கள் பலர், திருச்சபை சார்ந்த நிறுவனங்களும் அவர்களுள் உண்டு. எத்தனை படகு கொடுத்தோம் என்ற கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது. அந்தப் படகைக் கட்டுகிறவனும், ஆண்டுதோறும் அதன் அடிப்பாகத்தில் ஓட்டை அடைக்கிறவனும் எதைச் சுவாசிக்கிறான் என்ற கணக்குதான் யாரிடமும் இல்லை.

பைபர் படகைப் பழிப்பது நம் நோக்கமன்று. மரம் கிடைக்காத காலத்தில் அது கிடைத்தது, உளுத்துப் போகாதது, இலகுவானது. அதைத் தடை செய்க என்று கேட்கிற எவரும் கடலுக்குப் போகாதவராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் நன்மை தரும் ஒரு பொருளை அதன் தீமையைச் சொல்லாமல் கையில் கொடுப்பதற்கு நேர்மை என்று பெயர் இல்லை.

அந்தப் பொருள்தான் என்ன? கண்ணாடி இழைப் பாயின் மீது ஊற்றித் தேய்க்கப்படும் ரெசினில் ஏறத்தாழ 35 முதல் 45 விழுக்காடு ஸ்டைரின் என்ற கரைப்பான். கெட்டியான பிசினை இளக்கிப் பூசத்தக்கதாக ஆக்குவது அதுவே. பின்னர் பிசினோடு பிணைந்து கல்லாக இறுகுவதும் அதுவே. ஆனால் முழுவதும் இறுகுவதில்லை. பூசும்போதும் உருளை ஓட்டும்போதும் ஒரு பங்கு ஆவியாகிப் பூசுகிறவனின் மூக்கை நாடி வருகிறது. தூரிகையையும் கையையும் கழுவ வைத்திருக்கும் அசிட்டோன் மற்றொரு கரைப்பான். இவ்விரண்டின் ஆவியும் காற்றைவிடக் கனமானது: ஸ்டைரினுடையது மூன்றரை மடங்கு, அசிட்டோனுடையது இரண்டு மடங்கு. ஆதலால் அது மேலே போகாது. தாழ்வான இடத்தில் தேங்கும். படகின் உட்புறம் என்பது ஒரு பெரிய கிண்ணமன்றி வேறென்ன? அந்தக் கிண்ணத்துக்குள் குனிந்து முழங்காலிட்டு ஒருவன் பூசுகிறான். திறந்த வெளிதானே, கடற்காற்று வீசுகிறதே என்று சொல்பவர்கள் ஒரு நடுப்பகல் நேரம் அந்தப் படகுக்குள் குனிந்து பார்க்கட்டும்.

வெயிலையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவியை எழுப்ப ஸ்டைரினுக்குச் சுமார் 31 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். பழவேற்காட்டில் ஆண்டின் பெரும்பகுதிப் பகல் அதைத் தாண்டியதே. அசிட்டோனுக்கோ உறைபனிக்கும் கீழே 20 பாகையே போதும். அதன் ஆவி தரையோடு தரையாக ஊர்ந்து, பத்தடி தள்ளி மீன் குழம்பு கொதிக்கும் அடுப்பைத் தொட்டுத் திரும்பி வந்து பற்றும். பீடிதான் காரணம் என்று எழுதுகிற அதிகாரி, அடுப்புக்கும் அசிட்டோன் கேனுக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று எந்தக் குப்பத்தில், எந்த நாளில், எவருக்குச் சொல்லிக் கொடுத்தார்?

ரெசினை இறுகச் செய்ய இரண்டு பொருள்கள் சேர்க்கிறார்கள். ஒன்று கோபால்ட், மற்றொன்று ஹார்டனர் என்று கடையில் கேட்டு வாங்கும் மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு. இவற்றை ஒவ்வொன்றாக, ஒன்று நன்கு கலந்தபின் மற்றொன்றாக, ரெசினில் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீயும் வெடிப்பும் நேரும். ஹார்டனர் சொட்டு ஒன்று கண்ணில் விழுந்தால் பார்வையே போகலாம். பொன்னேரிக்குப் பேருந்து ஏறுவதற்கு முன், விழுந்த நொடியிலேயே, குறைந்தது பதினைந்து நிமிடம் நல்ல தண்ணீரால் கண்ணைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். வெயில் ஏற ஏற ஹார்டனரின் அளவைக் குறைக்க வேண்டும். மூடியால் குத்துமதிப்பாக ஊற்றினால் கலவை பாத்திரத்திலேயே கொதித்துப் புகையும். இவை ஆய்வுக்கூடத்து இரகசியங்கள் அல்ல. ஒரே பக்கத்தில் தமிழில் அச்சிட்டுக் கேனோடு கொடுக்கக் கூடியவை.

கேன் என்றதும் நம் கோபம் மிகுகிறது. பீப்பாயில் வருகிற சரக்கைச் சில்லறையாகப் பிரித்து, பழைய எண்ணெய்க் கேனிலும், தண்ணீர் குடித்து எறிந்த பாட்டிலிலும் ஊற்றித் தருவதை நாம் கண்டிருக்கிறோம். பெயர் இல்லை; எச்சரிக்கை இல்லை; தீச்சின்னம் இல்லை. நிறமற்ற அசிட்டோனும் நிறமற்ற ஹார்டனரும் தண்ணீரைப் போலவே தோன்றும். அந்தப் பாட்டில் நிற்பது குழந்தைகள் விளையாடும் திண்ணையில். 1989-இல் மத்திய அரசு வகுத்த விதிகள், அபாயகரமான வேதிப்பொருள் கொண்ட கலன் ஒவ்வொன்றிலும் உள்ளே இருப்பது எது, செய்தவர் யார், அதன் தன்மை என்ன என்று குறிக்கப்பட வேண்டும் என்கின்றன. போபாலின் பிணங்கள் மீது எழுதப்பட்ட விதிகள் அவை. பீப்பாய்க்குப் பொருந்துகிற நியாயம் பாட்டிலுக்கு ஏன் பொருந்தக் கூடாது?

ஸ்டைரின் ஏழையின் மூக்குக்கு மட்டும் உரிய பொருளன்று. 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தை அடுத்த ஆர்.ஆர்.வெங்கடாபுரத்தில், எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையின் தொட்டியிலிருந்து கசிந்து, உறங்கிக் கொண்டிருந்த மக்களுள் 12 பேரைக் கொன்றதும், நூற்றுக்கணக்கானோரை மருத்துவமனைக்கு அனுப்பியதும் இதே ஸ்டைரின்தான். ஊரடங்கில் மூடிக்கிடந்த ஆலையின் தொட்டியில் வெப்பம் ஏறி, சரக்கு தானாகவே வினைபுரியத் தொடங்கியது. அன்று நாடே பதறியது. மறுநாளே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 50 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. ஒரே இரவில் கொன்றால் அது பேரிடர். இருபது ஆண்டுகளில் சிறுகச் சிறுகத் தின்றால் அது தலைவிதி. நம் பொது மனச்சாட்சியின் இந்தக் கணக்கை நாம் ஏற்க மறுக்கிறோம்.

சிறுகத் தின்பது எப்படி? முதலில் கண் எரிச்சல், தலைவலி, மந்தம், தள்ளாட்டம். குடிக்காதவனையும் குடித்தவனாகக் காட்டும் தள்ளாட்டம் அது. எத்தனை வீட்டுச் சண்டைகளுக்கு அது காரணமாயிற்றோ! வாசனை பழகிவிட்டது, இப்போது ஒன்றும் செய்வதில்லை என்பார்கள். மூக்குதான் களைத்துப் போயிற்று. காற்றில் உள்ளது குறையவில்லை. நீண்ட நாள் சுவாசிப்போருக்கு நிறங்களைப் பிரித்தறியும் பார்வை மங்குகிறது என்றும், காது கேட்கும் திறன் குறைகிறது என்றும், பேரிரைச்சலோடு சேர்ந்தால் அக்கேடு மிகுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நீரின் நிறம் மாறுவதைக் கொண்டே மீன் கூட்டத்தை அறிகிற ஒருவனிடமிருந்து நிறத்தைப் பறிப்பது என்றால் என்னவென்று நகரத்தார்க்கு விளங்காது. எஞ்சின் இரைச்சலோ அவனுக்கு அன்றாட உணவு. 2018-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை ஸ்டைரினை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடும் என்று நம்பத்தக்க பொருள்களின் பட்டியலுக்கு உயர்த்தியது.

1700-ஆம் ஆண்டிலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூல் எழுதி, நோயாளியிடம் கேட்கும் கேள்விகளோடு நீ என்ன தொழில் செய்கிறாய் என்பதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இங்கே, இருமிக்கொண்டு வருகிறவனிடம் பீடி உண்டா, குடி உண்டா என்ற இரண்டு கேள்விகளோடு சீட்டு எழுதப்படுகிறது. ஸ்டைரின் உடலில் மாண்டலிக் அமிலமாக மாறிச் சிறுநீரில் வெளியேறும், சோதித்தால் தெரியும். சோதிக்கச் சொல்ல யாரும் இல்லை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், மின்விசை பயன்படும் இடத்தில் 10 பேரும் பயன்படாத இடத்தில் 20 பேரும் இருந்தால்தான் அதைத் தொழிற்சாலை என்றது. 2020-இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அந்த எண்களை 20, 40 என்று இரட்டித்தது. நான்கு பேர் வேலை செய்யும் படகுக் கொட்டகை எந்தச் சட்டத்தின் கண்ணிலும் விழாது. நான்கு நுரையீரல்கள் நாற்பதைவிட மலிவு போலும். ஆனால் கதவு முழுவதும் அடைக்கப்பட்டுவிடவில்லை. பழைய சட்டத்தின் 85-ஆம் பிரிவு, ஆள் எண்ணிக்கை எவ்வளவாயினும் ஓரிடத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவர மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருந்தது. புதிய சட்டத்திலும், உயிருக்கு ஆபத்தான தொழில் என்று அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அது பொருந்தும். தேவை ஓர் அறிவிக்கை. அதாவது ஒரு தாள், ஒரு கையொப்பம்.

இணைச்சட்ட நூலின் 22-ஆம் அதிகாரத்தில், புது வீடு கட்டுகிறவன் மொட்டை மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும் என்ற கட்டளை உண்டு. இல்லாவிடில், விழுந்தவனின் இரத்தப்பழி அந்த வீட்டின் மேல் வரும். குருமட நாள்களில் இதை ஒரு பழைய கட்டட விதியாகவே வாசித்துக் கடந்து போவது வழக்கம். இப்போது வாசிக்கையில் ஒன்று துலங்குகிறது. விழுந்தவன் ஏன் பார்த்து நடக்கவில்லை என்ற கேள்வியை அந்தச் சட்டம் கேட்கவே இல்லை.

சரக்கை விற்கிறவர் பெயரும் எச்சரிக்கையும் தமிழில் ஒட்டட்டும். படகுக்கு மானியம் தருகிற துறை, கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய முகமூடியையும் கண்ணாடியையும் கையுறையையும் அந்த மானியத்திலேயே சேர்க்கட்டும். துணிமுகமூடி தேய்க்கும்போது எழும் தூசியில் சிறிதைத் தடுக்கலாம். ஆவியை அது தடுக்காது. பாடு முறையை வகுத்து, இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை இறக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாக ஒழுங்கு செய்துவரும் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கு, ரெசின் வேலைக்கு வீடுகளை விட்டு விலகிய, காற்று வாக்கான ஓரிடம் குறித்துத் தருவது பெரிய காரியமாகாது. மிஞ்சியதை ஏரிச் சேற்றில் கொட்டாமலிருக்க ஒரு மூடியுள்ள இரும்புத் தொட்டி வேண்டும். அந்தச் சேற்றில்தான் நம் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். கையில் ஒட்டிய ரெசினை அசிட்டோனால் கழுவினால் தோலின் எண்ணெய்ப்பசை போய் வெடிக்கும். சமையல் எண்ணெய் தடவித் துடைத்துச் சோப்பால் கழுவலாம்.

புதுப் படகு நீரில் இறங்குமுன் மந்திரிக்க வேண்டும் என்று லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்தும் அரங்கம்குப்பத்திலிருந்தும் அழைப்பு வருவது வழக்கம். அண்மைக் காலமாக, தீர்த்தம் தெளித்து முடித்ததும், இதைக் கட்டியவர்கள் யார், என்ன முகமூடி அணிந்து கட்டினார்கள் என்று நாம் கேட்டு வருகிறோம். முதல் கேள்விக்கு எல்லாரும் பதில் சொல்லுகிறார்கள்.