டைனோசர் காலத்துச் செடி



பள்ளிக்கூடத்தோடு ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகத்துக்குப் போய் டைனோசர் எலும்புகளைப் பார்க்காதவர்கள் உங்களில் சிலர்தான் இருப்பீர்கள். டைனோசர் படங்களில் அதன் காலடியில் குட்டைத் தென்னை போல ஒரு செடி வரைந்திருப்பார்கள். அதை யாரும் கவனிப்பதில்லை. டைனோசர் போய்விட்டது, அந்தச் செடியின் குடும்பம் இன்னும் இருக்கிறது. இங்கே செடி விற்கும் கடைகளில் 'சேகோ பாம்' என்று எழுதித் தொட்டியில் வைத்து விற்கிறார்கள்.

அந்தப் பெயரில் இரண்டு பிழை உண்டு. ஒன்று, அது பனை வகையே அல்ல. (மெக்சிக்கோவில் சில ஊர்களில் குருத்தோலை ஞாயிறன்று இந்தக் குடும்பத்து ஓலையைத்தான் பிடிக்கிறார்கள், பார்வைக்கு அவ்வளவு ஒற்றுமை.) மற்றது, நாங்கள் பாயாசத்துக்குப் போடும் சவ்வரிசி இதிலிருந்து வருவதில்லை. சேலத்துச் சவ்வரிசி மரவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது. செடியின் சரியான பெயர் சைக்கஸ். ஊரில் உயர்தரத்தில் உயிரியல் படித்த அம்மாவையோ அப்பாவையோ கேட்டுப் பாருங்கள், பெயர் நினைவிருக்கும்.

சைக்கஸும் அதன் உறவுகளும் சேர்ந்த குடும்பத்துக்கு சைக்காட் என்று பெயர். ஏறக்குறைய 28 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலேயே இதன் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. பூக்கும் மரங்கள் உலகத்துக்கு வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. சைக்காட்டுக்குப் பூவும் இல்லை, பழமும் இல்லை. விதை மூடாமல் வெளியே இருக்கும். பைன் மரமும், எங்கள் தெருக்களில் விசிறி இலையோடு நிற்கும் ஜின்கோவும் இந்த வகைதான்.

பனையில் ஆண் பனை, பெண் பனை என்று இருப்பது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். சைக்காட்டிலும் அப்படித்தான். ஆண் மரத்தின் கூம்பில் மகரந்தம் இருக்கும். பெரும்பாலும் சிறு வண்டுகள்தான் அதைப் பெண் மரத்துக்குக் கொண்டுபோகின்றன. இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் விதை இல்லை.

இதற்கு ஒரு சாட்சி தென்னாபிரிக்காவில் இருக்கிறது. 1895ஆம் ஆண்டு, டர்பன் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்துவந்த ஜோன் மெட்லி வூட் என்பவர் ஒன்கோயே காட்டில் ஒரு புதிய சைக்காட்டைக் கண்டார். ஒரே இடத்தில் சில தண்டுகள், எல்லாமே ஆண். 1899இல் அதில் ஒன்று லண்டன் கியூ தோட்டத்துக்குப் போனது. அன்றிலிருந்து தேடுகிறார்கள், அண்மையில் ட்ரோன் பறக்கவிட்டும் தேடினார்கள். பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. பல நாட்டுத் தோட்டங்களில் இன்று நிற்பவை எல்லாம் அந்த ஒரே மரத்திலிருந்து பிரித்து வைத்த பக்கக் கன்றுகள். மரம் நன்றாகத்தான் இருக்கிறது. பிள்ளை மட்டும் இல்லை.

எங்கள் பக்கத்திலும் சைக்கஸ் உண்டு. இலங்கையில் சிங்களத்தில் 'மடு' என்பார்கள், கேரளத்தில் 'ஈந்து'. மேற்குத் தொடர்ச்சி மலையில் காட்டு மக்கள் அதன் விதையைக் காயவைத்து, பலமுறை தண்ணீரில் ஊறவைத்து, நஞ்சைப் போக்கி மாவாக்கிச் சாப்பிடுவார்கள். ஆண் கூம்பை 'மதனகாமப்பூ' என்று நாட்டுமருந்துக் கடைகளில் விற்கிறார்கள். மகரந்தம் உதிருமுன் கூம்பை வெட்டினால் அந்தப் பக்கத்துப் பெண் மரங்கள் என்ன செய்யும்? அந்த இனம் இன்று அழியும் ஆபத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கிறது. உலகத்தில் 350க்கு மேற்பட்ட சைக்காட் இனங்கள் இருக்கின்றன. பாதிக்கு மேற்பட்டவற்றின் நிலை இதுதான்.

டைனோசரை அழித்த பேரழிவையும் தாண்டிய குடும்பம் இது. அந்தப் பழமை இன்று அதைக் காப்பாற்றவில்லை. எங்கள் தமிழ் மிகப் பழைய மொழி என்று மேடையில் சொல்கிறோம், கைதட்டுகிறோம். பழையது என்பதற்காக ஒன்று தானாக நிலைத்துவிடாது. கொடுக்க ஒருவர் வேண்டும், வாங்க ஒருவர் வேண்டும். பாட்டி கதைக்கத் தயாராக இருக்கிறார். பக்கத்தில் உட்கார நீங்கள் தயாரா?

கடைசியாக ஒன்று. வீட்டில் 'சேகோ பாம்' தொட்டி இருந்தால் குழந்தைக்கும் நாய்க்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். செடி முழுவதும் நஞ்சு, விதையில் மிக அதிகம். தின்ற நாய்க்கு ஈரல் கெட்டு உயிரே போகலாம். தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தாலே காத்திராமல் மருத்துவரிடம் கொண்டு ஓடுங்கள்.