மூச்சுக் குழாயில் குடியிருப்போர்

(நலவாழ்வுப் பகுதி)



சென்ற ஆடி மாதத்தில் ஓர் இரவு. இவ்வூரார் கர்க்கடகம் என்று வழங்கும் அம்மாதத்து மழை, பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையேயுள்ள நம் சிற்றூர்களில் மூன்று நாள்களாக விடாது பெய்துகொண்டிருந்தது. ஓட்டு வீட்டின் சுவரெல்லாம் ஈரம். பாயிலும் தலையணையிலும் பூஞ்சை மணம். நள்ளிரவில் என் தமக்கையாருக்கு இழுப்புக் கண்டது. படுக்க இயலவில்லை. எழுந்து அமர்ந்து, இரு கைகளையும் முழங்கால்மீது ஊன்றிக்கொண்டு ஒவ்வொரு மூச்சுக்கும் போராடினார். பேசினாலும் ஒவ்வொரு சொல்லாகவே வந்தது. ஆட்டோக்காரர் ஒருவரை எழுப்பி அழைத்து வந்து, மருத்துவமனை சேர்வதற்குள் எங்கள் உயிர் எங்களிடம் இல்லை.

மருந்தை ஆவியாக்கிக் கொடுத்து மூச்சு சற்றே அமர்ந்த பின், "இதுவரை என்ன மருந்து உட்கொண்டீர்கள்?" என்று மருத்துவர் வினவினார். தமக்கையார் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அது ஆன்டிபயாடிக் எனப்படும் கிருமிக்கொல்லி. சீட்டு ஏதுமின்றி ஒரு கடையில் கேட்டு வாங்கியது. அவ்வாண்டில் அது நான்காம் முறை. நாள்தோறும் உறிஞ்சுமாறு முன்னரே எழுதிக் கொடுக்கப்பட்ட இன்ஹேலரோ, வீட்டுப் பெட்டியில் புடவைகளுக்கு அடியில் பிரிக்கப்படாமலே கிடந்தது. மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம். "தாய்க்கு இழுப்பு நோய் என்று தெரிந்தால் பெண் கேட்டு யார் வருவார்?" என்பது அவர் அச்சம்.

வீடு திரும்பியதும் அவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, சளி மஞ்சளாக வருகிறதே, கிருமி இல்லாமலா அப்படி வரும்? கிருமி இருந்தால் அதைக் கொல்ல வேண்டாமா?"

நியாயமான கேள்விதான். நான் ரயில்வேயில் எழுத்தன்; பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவன்; மருத்துவம் கற்றவனல்லேன். எனினும் அக்கேள்விக்கு விடை சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. மருத்துவரிடம் கேட்டும், நூல்களைப் படித்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

நம் நுரையீரலில் கிருமிகளே இல்லை என்றுதான் நெடுங்காலம் அறிஞர் எண்ணியிருந்தனர். கிருமிகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் காண்பதே அக்கால முறை. வளராதவை கண்ணில் படா. பின்னர், கிருமியின் மரபணுவைப் படித்தே அதன் இனத்தை அறியும் முறை வந்தது. அம்முறையைக் கொண்டு லண்டன் ஆராய்ச்சியாளர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, பழைய எண்ணத்தை மாற்றியது. மூச்சுக் குழாயின் உட்பரப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக 2,000 கிருமிகளின் அடையாளங்கள் காணப்பட்டன. நலமுள்ளோரிடம் ஒருவகைக் கூட்டமும், இழுப்பு நோயுற்றோரிடம் வேறொருவகைக் கூட்டமும் மிகுந்திருந்தன. ஹீமோபிலஸ் முதலிய இனங்கள் நோயுற்றோரிடமே அதிகம்.

இவை எங்கிருந்து வந்தன? நாம் உறங்குகையில் வாயிலும் தொண்டையிலும் உள்ள ஈரம் அணு அணுவாக உள்ளே இறங்குகிறது. அதனுடன் கிருமிகளும் செல்கின்றன. மூச்சுக் குழாயின் உட்புறத்தில் உள்ள நுண்ணிய மயிரிழைகள் சளியை மேல்நோக்கித் தள்ளுகின்றன. இருமல் அதனை வெளியேற்றுகிறது. எங்கள் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். வண்டிகள் ஒழுங்காக வந்து போகும் நாளில், பிளாட்பாரத்தில் எத்தனை பேர் இறங்கினாலும் நெருக்கடி இல்லை. பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுவிட்டாலோ, வந்தவர் போக வழியின்றித் தங்கிவிடுகின்றனர். இழுப்பு நோயில் குழாய் வீங்குகிறது, சளி தடிக்கிறது, வெளியேற்றம் தடைப்படுகிறது. அந்நிலைமைக்கு ஏற்ற கிருமிகள் அங்கே நிலைத்துப் பெருகுகின்றன.

இனி, ஒவ்வாமையால் வரும் இழுப்புக்கு வருவோம். வயது வந்தோர் 84 பேரின் மூச்சுக் குழாய்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017இல் அமெரிக்காவிலிருந்து வெளிவந்தது. அவர்களுள் 42 பேர் ஒவ்வாமையும் இழுப்பும் உடையோர். 21 பேர் ஒவ்வாமை மட்டும் உடையோர். எஞ்சிய 21 பேர் இரண்டும் இல்லாதோர். மூன்று பிரிவினரின் கிருமிக் கூட்டங்களும் வெவ்வேறாக இருந்தன. ஆனால் என் தமக்கையாரின் கேள்விக்கு விடை தருவது மற்றொரு முடிவாகும். ஒவ்வாமை வகை அழற்சி எவரிடம் மிகுந்திருந்ததோ, அவரிடம் கிருமிகளின் தொகை குறைந்தே இருந்தது. அங்கே தீயை மூட்டியது கிருமி என்று கொள்வதற்கில்லை. தூசியில் வாழும் சிற்றுண்ணி, பூஞ்சை, கரப்பான் கழிவு ஆகியவற்றைப் பகையென்று எண்ணி நம் உடலே மூட்டிய தீ அது. மஞ்சள் சளிக்கும் இதுவே காரணமாகலாம். ஒவ்வாமையில் திரளும் இரத்த வெள்ளணுக்களே சளிக்கு அந்நிறம் தருவதுண்டு. ஆகவே நிறத்தை மட்டும் பார்த்துக் கிருமிக்கொல்லியை விழுங்குவது, அண்டை வீட்டான் மீது பழிபோட்டு அடிப்பது போன்றதாகும்.

அவ்வாறாயின் கிருமிக்கொல்லி ஒருபோதும் பயன்படாதா? பயன்படுவதுண்டு. ஆஸ்திரேலியாவில் 420 பேரிடம் நடந்து 2017இல் வெளியான சோதனையில், அசித்ரோமைசின் என்னும் மருந்தை 48 வாரம் கொடுத்ததில் இழுப்பின் தாக்குதல்கள் குறைந்தன. ஆனால் அவர்கள் இன்ஹேலரை ஒழுங்காக உறிஞ்சியும் நோய் அடங்காதோர். செவிப்புலனையும் இதயத் துடிப்பையும் சோதித்த பின்னரே அவர்களுக்கு அம்மருந்து தரப்பட்டது. நிபுணர் ஆராய்ந்து கொடுப்பது வேறு. கடையில் நாமே கேட்டு வாங்கி, மூன்று நாள் தின்று நிறுத்துவது வேறு. பின்னதால் நல்லனவும் தீயனவுமாகிய கிருமிகள் பலவும் மடிகின்றன. மருந்துக்கு மடியாதவை தப்பிப் பெருகுகின்றன. இதனைத் தடுக்கவே கேரள அரசு 2018இல் ஒரு செயல்திட்டம் வகுத்தது. மருத்துவர் சீட்டின்றிக் கிருமிக்கொல்லி விற்பதை 2024 முதல் கடுமையாகக் கண்காணித்தும் வருகிறது.

இங்குள்ள குடும்ப ஆரோக்கிய கேந்திரங்கள் பலவற்றில் 'சுவாஸ்' கிளினிக்குகள் நடைபெறுகின்றன. தமக்கையாரை அத்தகைய ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஒரு கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் அளவைக் கண்டனர். இன்ஹேலரை எங்ஙனம் பிடிப்பது, எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவது என்று செவிலியர் பொறுமையுடன் கற்பித்தார். உறிஞ்சிய பின் வாயை நன்கு கொப்பளித்துத் துப்ப வேண்டும் என்றும் சொன்னார்; மருந்து வாயில் தங்கினால் அங்கே பூஞ்சை படரக்கூடும். அந்த மருந்து வேலை செய்வது அழற்சியின் மீது. வீக்கம் தணிந்தால் குழாய் திறக்கிறது, சளி நகர்கிறது.

நோய் முற்றும் நீங்கிவிட்டது என்று சொல்லேன். மழைக்காலத்தில் இன்றும் நெஞ்சு சிறிது இறுகுகிறது. ஆயினும் அந்த இரவுக்குப் பின் ஆட்டோவை எழுப்ப நேரவில்லை. சென்ற மாதம் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னிலையிலேயே தமக்கையார் இன்ஹேலரை எடுத்து உறிஞ்சினார். நாங்கள் திகைத்தோம். பிள்ளையின் தாயார் சிரித்துவிட்டு, தம் கைப்பையைத் திறந்து அதே நிறத்து இன்ஹேலர் ஒன்றை எடுத்துக் காட்டினார்!

அன்பர்களே, இழுப்பு உள்ள வீடுகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. கடையில் கேட்டுக் கிருமிக்கொல்லி வாங்காதீர்கள். எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, நலமாயிருக்கும் நாளிலும் மருத்துவர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். பேச முடியாத அளவு மூச்சு முட்டினால் விடியும்வரை காத்திராதீர்கள்.

1956இல் எல்லை வகுத்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றது. ஆகவே இங்கு குடிவந்த நம்மவர் பலருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டின் மலையாளம் புரிவதில்லை. புரியாத சீட்டைப் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம். ஞாயிறு மாலைகளில் நம் சங்கப் படிப்பகத்தில் இருப்பேன். கொண்டு வாருங்கள்; படித்துச் சொல்கிறேன்.