அறுந்த கம்பி உயிரோடு கிடக்கலாமா?

தோழனே!

பைக்காராவில் 1932-ஆம் ஆண்டு மின்சாரம் பிறந்தது. கோவை ஆலைகளின் கதிர்கள் சுழன்றன. பின்னர் கனடாவின் உதவியோடு குந்தா எழுந்தது. மலை ஈன்ற மின்சாரம் சமவெளிக்கு ஓடியது. கொழுந்து பறித்த தாயின் லயத்திலோ நெடுநாள் மண்ணெண்ணெய் விளக்கே மினுக்கியது. அந்தக் கணக்கைப் பிறிதொரு நாள் தீர்ப்போம்.

இன்று வேறு முழக்கம்: "கூரைதோறும் கதிரவன்!" 2024 பிப்ரவரியில் ஒன்றிய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டம் ஒரு கோடி வீடுகளைக் குறிவைக்கிறது, மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். வேண்டாம் என்கிறோமா? இல்லை, வரவேற்கிறோம்! கூரைக்குப் பணம் எண்ணும் கை, கம்பத்தில் ஏறுபவனின் உயிருக்கு எவ்வளவு எண்ணியது என்றுதான் கேட்கிறோம்.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே மழை! அத்தகைய இரவொன்றில் சில்வர் ஓக் மரம் சாய்கிறது. கம்பி அறுந்து தேயிலைச் செடிமேல் விழுகிறது. மின்சாரம் மண்ணில் இறங்குகிறது. 'எர்த் பால்ட்' என்பார்கள் மின் ஊழியர்கள். துணைமின் நிலையத்து ரிலே அதை உணர்ந்து பிரேக்கரைத் திறக்க வேண்டும். பாறை நிலத்தில் அந்த ஓட்டம் மெலிந்தது. ரிலே உணரவே தடுமாறும். அதே தடத்தில் இன்னொரு மின்னாக்கி இருந்து, அதன் டிரான்ஸ்பார்மரின் நடுமுனை மண்ணோடு இணைந்திருந்தால், பழுதுக்கு ஒரு பங்கை அது ஊட்டும். ரிலே காணும் பங்கு இன்னும் சுருங்கும். இணைக்காமல் விட்டாலோ, பிரேக்கர் திறந்தபின்னும் அந்த மின்னாக்கி ஓடினால், பழுதற்ற இரு கம்பிகளின் அழுத்தம் மண்ணை நோக்க 1.73 மடங்கு வரை ஏறும். மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி!

"இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும்" என்பார் சிலர். மத்திய மின்சார ஆணையத்தின் 2013-ஆம் ஆண்டு விதியும் இரண்டு நொடிக்குள் நிற்கச் சொல்கிறது. நல்ல விதி! ஏட்டில் இருப்பதை மலையில் அளந்து பார்ப்பவர் யார்? நாம் மிகைப்படுத்த வேண்டாம்: பெரிய அச்சம் கூரைத் தகடன்று, நீராலோ டீசலாலோ சுழலும் மின்னாக்கியே. பழுதுக்கு மிகுதியாக ஊட்டுவதும், தனித்து நின்று தடத்தை உயிரோடு வைத்திருக்க வல்லதும் அதுவே. லைன்மேனோ "லைன் ஆப்" என்ற சொல்லை நம்பிக் கம்பத்தில் ஏறுகிறான்.

புதிய மின்னாக்கி இணையுந்தோறும் அத்தடத்தின் ரிலே அளவுகளை மறுபடி கணக்கிடு. ஒப்பந்தத் தொழிலாளி உட்பட ஒவ்வொருவன் கையிலும் எர்த் ராடு கொடு. சோதனை முடிவைத் தமிழில் எழுதித் துணைமின் நிலைய வாயிலில் ஒட்டு. இவை சலுகைகளா?

அடுத்த கிளைக் கூட்டம் முடிந்ததும் உன் பகுதி மின் அலுவலகத்துக்குப் போ, தோழனே. "எங்கள் தடத்து எர்த் பால்ட் ரிலேயைக் கடைசியாகச் சோதித்த நாள் எது?" என்று எழுத்தில் கேள். பதிலையும் எழுத்திலேயே வாங்கி வா.