அலுமினியத் தாளை விடுங்கோ, மெசேஜைக் கேளுங்கோ

வங்கி அட்டையின் மூலையில் அந்த நாலு வளைகோடு வந்ததிலிருந்து எங்களில் பலருக்கு ஒரு பயம். பஸ் நெரிசலில ஆரோ ஒருவன் மெசினைக் கிட்டக் கொண்டுவந்து காசை உருவிப்போடுவான் எண்டு. அட்டையை அலுமினியத் தாளில் சுற்றி வைத்திருக்கிற ஆக்களும் இருக்கினம். பயம் நியாயம்தான், ஆனால் பயப்படுகிற இடம் பிழை.

அட்டையைத் தட்டும்போது, மெசினின் அலையிலிருந்தே மின்சாரம் எடுத்து உள்ளே இருக்கும் சிப் விழிக்கிறது. இடைவெளி 4 சென்ரிமீற்றர் அளவுக்குள் இருக்கவேண்டும். மெசின் தொகையையும் ஒரு எழுமாற்று எண்ணையும் அனுப்பும். சிப் தனக்குள் பூட்டியிருக்கும் இரகசியத் திறவுகோலால், அந்த ஒரு கொடுப்பனவுக்கு மட்டுமான குறியீட்டைக் கணித்துக் கொடுக்கும். அட்டை தந்த வங்கி அதைச் சரிபார்த்து, கணக்கில் மீதியையும் பார்த்து 'ஓம்' சொல்லும். அந்தக் குறியீட்டை ஒருவன் களவெடுத்தாலும் இரண்டாந்தரம் செல்லாது. அட்டையின் பின்பக்கத்து மூன்று இலக்கமும் அலையில் போவதில்லை. சாப்பாட்டுக்கடையில் அட்டையைக் குடுத்து உள்ளுக்குக் கொண்டுபோக விடுறமே, அதுதான் இதைவிட ஆபத்து. இரண்டு பக்கத்தையும் படம் பிடிக்க எவ்வளவு நேரம் வேணும்?

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பின் நம்பர் கேட்காத கொடுப்பனவில் வங்கி பார்ப்பது சிப் உண்மையானதா என்பதைத்தான். பிடிச்சிருக்கிற கை ஆற்றை எண்டு பாக்கிறேல்ல. துலைஞ்ச அட்டையை நிறுத்தும்வரை, எடுத்தவன் தட்டிப் பார்க்கலாம். அவனைத் தடுப்பது தொகை வரம்பு போன்ற சில கட்டுப்பாடுகள்தான். பிரித்தானியாவில் 2007இல் 10 பவுணாக இருந்த வரம்பு 2021இல் 100 பவுண் ஆனது. கடைக்கு வரிசை வேகமாக நகரும், கள்ளனுக்கும் லாபம்தான்.

2024இல் ஈசெற் நிறுவனம் வெளிப்படுத்திய செக் நாட்டு மோசடி இன்னும் கெட்டித்தனம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஒரு செயலியைப் போடவைத்தார்கள். பிறகு, உங்கட அட்டையை உங்கட போனின் முதுகிலயே வையுங்கோ, பின் நம்பரையும் அடியுங்கோ எண்டு கேட்டார்கள். அட்டையின் சமிக்ஞை இணையத்தால் இன்னொருவனின் போனுக்குப் போக, அவன் ஏ.ரி.எம்.மில் நின்று காசெடுத்தான். சிப் தந்த குறியீடு அசல். உடைக்கப்பட்டது மனிசரின் நம்பிக்கை.

இதுக்கு அலுமினியத் தாள் என்ன செய்யும்? எங்கட வீடுகளில் அம்மாவின்ர போனுக்கு வாற வங்கி மெசேஜ் பெரும்பாலும் ஆங்கிலத்தில். நாங்கள் வேலையால வந்து வாசிச்சுச் சொல்லும்வரைக்கும் காசு போனது அவவுக்குத் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்கிற வீட்டில் ஆர் வாசிக்கிறது? தட்டும் வசதியைக் கேட்டவர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள். வரம்பை அட்டைக்காரரே குறைக்க விடுங்கள். காசு போன அந்த நிமிசமே தமிழில் மெசேஜ் அனுப்புங்கள், இரவு பன்னிரண்டு மணிக்கு எடுத்தாலும் தமிழில் பேச ஒரு ஆளை வையுங்கள். அட்டை எடுக்கப் போகும்போது இந்த நாலையும் கவுண்டரில் கேட்டுப் பாருங்கோ.