நிமிஷக் கணக்கும் ஆள் கணக்கும்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் என்றால் நம் ஊரில் உள்ளது போன்ற தனியார் ஆஸ்பத்திரி அல்ல. வயோதிகர்களும் பக்கவாதத்தில் விழுந்தவர்களும் வருஷக்கணக்கில் தங்கும் விடுதி. பெரும்பாலானவை லாபத்துக்கு நடப்பவை. அங்கே ஒரு நேரக்கணக்கு நடக்கிறது. மில்லில் டைம்கீப்பரைக் கண்ட தோழர்களுக்கு அது உடனே விளங்கும்.

வைத்தியம் முடிந்தபின், நோயாளிக்குத் திரும்பிய கொஞ்சம் பலமும் போய்விடாமல் காப்பது தனி வேலை. கைத்தாங்கலாக நடக்க வைப்பது, மடங்கிப்போன கையை நீட்டி மடக்குவது, தானே சட்டை போட, தானே சாப்பிடப் பழக்குவது. நர்சு மேற்பார்வை பார்ப்பார். செய்பவர் நம் ஆஸ்பத்திரி ஆயாவைப் போன்ற உதவியாளர். அவசரமாக ஊட்டிவிட்டால் ஐந்து நிமிஷத்தில் முடியும். அவரே சாப்பிடட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தால் அரை மணி ஆகும். அந்தக் காத்திருப்புக்குத்தான் நேரம் வேண்டும்.

சர்க்கார் விதி இதுதான்: ஒரு பயிற்சி ஒரு நாளில் 15 நிமிஷம் நடந்தால்தான் அந்த நாள் கணக்கில் ஏறும். ஐந்தைந்தாக மூன்று தடவை செய்தாலும் சரி. 14 நிமிஷம் என்றால் பூஜ்யம். நடையில் 10, கைப்பயிற்சியில் 10 என்று இரண்டையும் கூட்டக்கூடாது. இரண்டு பயிற்சிகள் வாரத்தில் ஆறு நாள் நடந்ததாக ஏட்டில் இருந்தால், மெடிக்கேர் என்னும் இன்சூரன்சு சில வகை நோயாளிகளுக்குக் கூடுதல் தொகை கொடுக்கிறது. ஐந்து நாள் என்றால் கிடையாது.

எழுதுவதை நாம் எதிர்க்கவில்லை. எழுதாத வேலையைச் செய்யாத வேலை என்பான் முதலாளி. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உதவியாளர் பொறுப்பில் 10 பேர், அத்தனை பேருக்கும் பயிற்சி என்று வையுங்கள். 8 மணி நேரம் 480 நிமிஷம், தலைக்கு 48. இரண்டு பயிற்சிக்கு 30 போனால் மிச்சம் 18. குளிப்பாட்டுவது, மலஜலம் எடுப்பது, படுக்கை மாற்றுவது, ஏடு எழுதுவது எல்லாம் அதற்குள். அவர் வயிற்றுக்குச் சாப்பிடுவதும் அதற்குள்ளேதான்! ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆள் குறைந்தால், பேனாதான் நோயாளியை நடக்க வைக்கும். பிடிபட்டால் கையெழுத்துப் போட்ட பெண்ணின் தலைதான் உருளும். இந்த வேலையில் கறுப்பினப் பெண்களும், பிழைக்கக் குடியேறி வந்த பெண்களும் ஏராளம்.

ஆளைக் கூட்ட 2024 மே மாதம் ஒரு விதி வந்தது. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேரம் ஊழியர் வேலை, அதில் உதவியாளர் வேலை 2.45. விடுதி முதலாளிகளின் சங்கம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2025 ஏப்ரலில் டெக்சாசில் ஒரு கோர்ட்டு அதை ரத்துச் செய்தது. ஜூலையில் அமெரிக்கக் காங்கிரசும் 2034 வரை அதை அமுலாக்கக்கூடாது என்று சட்டம் போட்டது. ஆயாவின் 15 நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம் தள்ளுபடி இல்லை. முதலாளிக்கு மட்டும் ஒன்பது வருஷ வாய்தா!

யார் எத்தனை மணி வேலை செய்தார்கள் என்ற கணக்கைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்து, 2016 முதல் விடுதிகள் சர்க்காருக்கு அனுப்பி வருகின்றன. அந்தக் கணக்கையும் பயிற்சி ஏட்டையும் ஒன்றாக வைத்து, உதவியாளர்களின் யூனியன் பிரதிநிதியையும் உட்கார வைத்துப் பார்க்கட்டும். எழுதிய நிமிஷத்துக்கு ஆள் இல்லையென்றால், முதலில் நிர்வாகியைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கட்டும்.