பிரின்டர் மை எத்தனை நாளைக்கு?



வீட்டுச் சாதனங்களைப் பற்றிய இந்தப் பகுதியில் தையல் மெஷின், குளிர்சாதனப் பெட்டி என்று சிலவற்றைப் பார்த்தோம். இம்மாதம் பிரின்டர். "இது பிள்ளைகளின் வாப்பா பார்க்க வேண்டிய விடயமல்லவா?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாளைக்குக் காலையில் பேப்பர் வேண்டும் என்று பிள்ளை இரவு பத்து மணிக்குச் சொன்னால், அந்த மெஷினோடு மல்லுக்கட்டுவது யார் என்பது உங்களுக்கே தெரியும்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் வாட்ஸ்அப்பில் வரத் தொடங்கின. பல வீடுகளுக்குப் பிரின்டர் வந்தது அந்த நாட்களில்தான். நானும் சீட்டுப் பணத்தில் ஒன்று வாங்கினேன். பின்னொரு வருடம் நோன்பும் விடுமுறையுமாக ஏழு கிழமை அதை யாரும் தொடவில்லை. மகளுக்குப் புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கிய ஓர் இரவு, கடந்தகால வினாத்தாள் ஒன்றை எடுக்கப் போனால் எழுத்துக்களின் நடுவே வெள்ளைக் கோடுகள்; சில வரிகள் அறவே இல்லை. பதற்றத்தில் சுத்தம் செய்யும் கட்டளையை எட்டுத் தடவை தொடர்ந்து கொடுத்தேன். அடைப்பு நீங்கவில்லை, இருந்த மைதான் தீர்ந்தது. அந்த வினாத்தாளை மகளும் நானும் நடுச்சாமம் வரை கையால் எழுதி எடுத்தோம். மறுநாள் கார்ட்ரிஜ் வாங்கியதில் ஒரு கிழமைச் சாமான் காசு போயிற்று.

என் பிழை என்ன என்பதைப் பிறகுதான் கற்றுக்கொண்டேன். நீங்கள் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

மை ஏன் காய்கிறது?

வீடுகளில் அதிகம் இருப்பது இன்க்ஜெட் பிரின்டர். அதன் மையில் பெரும்பகுதி தண்ணீர்தான். சாயமும், சீக்கிரம் உலராதிருக்கச் சில திரவங்களும் அதில் கலந்திருக்கின்றன. தலைமுடியை விட மெல்லிய துவாரங்கள் வழியாக அது துளித்துளியாகக் கடதாசியில் தெறிக்கிறது. சில கம்பனிகளின் மெஷினில் மை ஒரு கணம் சூடேறி, அப்போது எழும் குமிழி துளியை வெளியே தள்ளும். 1977இல் ஜப்பானின் கெனன் கம்பனியில், சூடான பற்றுக்கோல் ஒன்று மை நிரப்பிய ஊசியில் தற்செயலாகப் பட்டு மை பீறிட்டதைக் கண்டே இந்த வழி பிறந்தது. எப்சன் மெஷின்களில் சூடு இல்லை. மின்சாரம் பட்டால் அசையும் சிறு தகடு மையைத் தள்ளுகிறது.

எந்த வழியானாலும் துவாரம் திறந்து கிடந்தால் தண்ணீர் ஆவியாகும், சாயம் தடித்து அடைத்துக்கொள்ளும். மருதோன்றிக் கோனின் நுனியை மூடாமல் வைத்தால் மறுநாள் என்னவாகிறது? அதே கதைதான் இங்கும்.

இதைத் தடுக்கவே பிரின்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. அதன் பொத்தானை அழுத்தி நிறுத்தும்போது மைத்தலை ஓர் ஓரத்துக்குப் போய், ரப்பர் மூடியின் மேல் அமர்ந்துகொள்கிறது. நாம் அவசரத்தில் சுவரிலுள்ள சுவிட்சை நிறுத்தினால், தலை நடுவழியில் திறந்தபடி நின்றுவிடக்கூடும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அச்சடிக்கும்போது கரண்ட் போனால், திரும்பி வந்ததும் பிரின்டரைப் போட்டு, அதன் பொத்தானாலேயே மீண்டும் நிறுத்திவிட வேண்டும்.

எத்தனை நாள், எத்தனை பக்கம்?

உறை பிரிக்காத கார்ட்ரிஜ் பொதுவாக இரண்டு வருடமளவில் நல்ல நிலையில் இருக்கும். பெட்டியில் திகதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். உறை பிரித்துப் பொருத்திய பின் ஆறு மாதத்துக்குள் பாவித்து முடிப்பது நல்லது. மலிவாகக் கிடைக்கிறதென்று நாலைந்தை ஒன்றாக வாங்கி அலுமாரியில் அடுக்குவது சிக்கனமல்ல, வீண்விரயம்.

பெட்டியில் போட்டிருக்கும் பக்கக் கணக்கை அப்படியே நம்பி ஏமாறாதீர்கள். கணக்கில் பொய்யில்லை. ஆனால் ஐ.எஸ்.ஓ. நியமப்படி குறிப்பிட்ட சில பக்கங்களைத் தொடர்ந்து அச்சடித்துப் பார்த்து எடுக்கும் கணக்கு அது. கறுப்பு எழுத்து மட்டுமுள்ள சாதாரணப் பக்கத்தில் மை படுவது ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு இடத்தில்தான். பிள்ளையின் ஒப்படைக்குப் பக்கம் நிறையப் படம் எடுத்தால் மை பல மடங்கு போகும். இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பாவிக்கும் வீட்டில், மெஷின் தன்னைத் தானே சுத்தம் செய்யவும் மை செலவாகிறது. கறுப்பில் மட்டும் அச்சடித்தும் நிற மை குறைவது இதனால்தான். போத்தலால் ஊற்றும் டாங்கி வகையில் முதல் மை குழாய்களை நிரப்பவே கொஞ்சம் போகும். ஆகவே முதல் போத்தல் சீக்கிரம் முடிந்தால் பயப்பட வேண்டாம்.

லேசர் பிரின்டரின் டோனர் மையல்ல, நுண்ணிய பிளாஸ்டிக் தூள். அது காய்வதில்லை. மாதத்தில் ஓரிரு தடவை கறுப்பு எழுத்து மட்டும் எடுக்கும் வீட்டுக்கு லேசரே பொருத்தம். முதலில் விலை கூடத்தான், ஆனால் காய்ந்து நட்டப்படுவதில்லை.

கைக்கொள்ள வேண்டியவை

1. கிழமைக்கு ஒரு தடவையாவது எல்லா நிறமும் உள்ள ஒரு சிறு பக்கத்தை எடுங்கள். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் சின்ன மகனுக்கு வர்ணப் படமொன்று கிடைக்கிறது.

2. கோடு விழுந்தால் முதலில் துவாரச் சோதனைப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். பிறகே சுத்தம் செய்யுங்கள், அதுவும் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு ஓர் இரவு விடுங்கள். காய்ந்த மை இளகி, காலையில் வழி விடுவதுண்டு. நான் செய்யத் தவறியது இதைத்தான்.

3. மைத்தலை கார்ட்ரிஜிலேயே இருக்கும் வகையென்றால், காய்ச்சி வடித்த நீரை இளஞ்சூடாக்கி, நூல் உதிராத துணியில் நனைத்து, துவாரமுள்ள அடிப்பக்கத்தை ஓரிரு நிமிடம் மெல்ல ஒற்றி எடுக்கலாம். ஊசியால் குத்தாதீர்கள். செப்பு நிறப் புள்ளிகளில் விரல் படக் கூடாது.

4. டாங்கி வகையில் மை கீழ்க்கோட்டுக்கு இறங்க முன் நிரப்புங்கள். குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் வேலை இரட்டிப்பு. எந்த நிறம் எந்தத் துளைக்கு என்பதை ஊற்ற முன் இரண்டு தடவை பாருங்கள். வேறு வேறு கம்பனி மைகளைக் கலக்காதீர்கள்.

5. மைப் போத்தலை இறுக மூடி, நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பிரின்டரை யன்னலோரம் வைக்க வேண்டாம்.

6. பயிற்சித்தாள்களை டிராஃப்ட் முறையில் எடுங்கள். எழுத்து சற்று வெளிறும், ஆனால் வாசிக்கலாம், மையும் மிஞ்சும்.

7. லேசரில் எழுத்து மங்கினால் டோனரை வெளியே எடுத்து, பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் போடுங்கள். இன்னும் கொஞ்சப் பக்கம் வரும். தூள் துணியில் கொட்டினால் உலர்ந்த துணியால் தட்டி, குளிர்ந்த நீரில் கழுவுங்கள். சுடுநீர் பட்டால் தூள் உருகி ஒட்டிக்கொள்ளும்.

8. கடலோர ஊர்களில் ஈரக்காற்று அதிகம். கடதாசிக் கட்டை உறையோடு மூடி வையுங்கள். ஈரக் கடதாசியில் மை ஊறிப் பரவும்.

சகோதரிகளே, அன்றிரவு கையால் எழுதிய அந்த வினாத்தாளை என் மகள் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறாள். "உம்மா, உங்கட கையெழுத்து எனக்கு விளங்கவேயில்லை" என்று சொல்லிச் சிரிப்பாள். எனக்கோ அதைப் பார்க்கும்போதெல்லாம் வீணாய்ப் போன மைதான் ஞாபகம் வரும்.

உங்கள் வீட்டுப் பிரின்டரைக் கடைசியாக எப்போது போட்டீர்கள்? ஞாபகம் இல்லையென்றால், இந்த இதழை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய், இப்போதே ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.