இசைக்குச் சாதி இல்லையாம்!

திண்டிவனத்தில் ஒரு கல்லூரி விழா. மேடையில் பறை அதிர்ந்தது, கைதட்டல் அடங்கவில்லை. பிறகு மைக் பிடித்தவர் சொன்னார்: "இசைக்குச் சாதி இல்லை."

அப்படியா? 1920இல் மாமி ஸ்மித்தின் 'கிரேஸி புளூஸ்' விற்றுத் தள்ளியதும், அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் கறுப்பர் பாட்டுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றும், தெற்கத்திய வெள்ளையர் பாட்டுக்கு 'ஹில்பில்லி' என்றும் தனித்தனிப் பட்டியல் போட்டன. பின்னதுதான் இன்றைய கன்ட்ரி. அதில் ஒலிக்கும் பாஞ்சோ ஆப்பிரிக்க அடிமைகள் வழி வந்த கருவி. கன்ட்ரியின் நாயகன் ஹாங்க் வில்லியம்ஸுக்கு இசை சொல்லித்தந்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்புத் தெருக்கலைஞர். வித்தையை எடுத்துக்கொண்டு ஆளை வேறு பட்டியலில் தள்ளினார்கள்.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பறையின் அடி சினிமாவுக்குப் போனால் 'குத்து'. பல்கலைக்கழகத்துக்குப் போனால் 'நாட்டுப்புறக் கலை' (நானும் அந்தத் தலைப்பில்தான் ஆய்வுக்குப் பதிந்திருக்கிறேன்). சேரியில் இருக்கும்வரை சாவு மோளம்.

விழுப்புரம் பக்கத்து ஊர்களில் என் தாத்தா சாவுக்கு அடித்தவர். கூலியைத் தரையில் போடுவார்கள், குனிந்து எடுப்பார். அப்பா அடிக்க மறுத்தார். 1978 ஜூலையில் 12 தலித்துகள் கொல்லப்பட்ட விழுப்புரம் இது. மறுப்பின் விலை தெரிந்தேதான் மறுத்தார். அந்த மறுப்பும் பறையின் வரலாறுதான். மேடையில் அதை யாரும் சொல்வதில்லை.

மேடைப் பறைக்கு நான் எதிரியில்லை. 2018இல் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது கூட்டத்தில் நானும் ஆடினேன். அவர்கள் சாதியை மறைக்காமல் பாடினார்கள்.

கைதட்டிய தோழர்களே, உங்கள் தெருவில் அடுத்த சாவு விழும்போது, சேரிக்கு ஆள் அனுப்பாமல் உங்கள் பிள்ளையே பறை அடிப்பானா?